கண்ணாடி மனையும் தோடை மரமும்

நம் நாட்டிலே திறந்த வெளியில் வளரும் தோடையும் தேசியும் உறைபனி பெய்யும் வட ஐரோப்பாவில் மனையமைத்துக் காத்தாலன்றி உயிர்வாழா. அம்மனையின் வரலாறு ஆராயத்தக்கதாகும்.

பிரான்சு நாட்டு வேர்சாய் அரண்மனையிலே, பதினான்காம் லூயி மன்னனுக்காக மான்சார் என்னும் கட்டடக் கலைஞர் 1684 முதல் 1686 வரை எழுப்பிய தோடை மனை இவற்றுட் புகழ்மிக்கது. தடித்த சுவர்களும் தெற்கு நோக்கிய உயர்ந்த சாளரங்களும் கதிரவன் வெப்பத்தைப் பேணின. பெட்டிகளில் நட்ட மரங்களைக் குளிர்காலத்தில் உள்ளேயும் கோடையில் வெளியேயும் கொண்டுசென்றனர். மன்னன் கண்ட எழில் பணியாளர் உழைப்பின் பயனேயாம்.

இங்கிலாந்திலே 1746 முதல் நிறையளவில் விதிக்கப்பட்ட கண்ணாடி வரியால் இத்தகைய மனை பெரும்பாலும் செல்வர்க்கே உரியதாயிற்று. டெவன்சயர்க் கோமகனின் சட்ஸ்வேர்த் மாளிகையில், உழவர் குடும்பத்திற் பிறந்த தோட்டத் தலைவர் யோசப் பக்ஸ்ரன் பேணிய வாழை 1835 இற் பூத்துப் பின்னர்க் கனிந்தது. கோமகனின் குடிப்பெயரால் அதனைக் கவென்டிஷ் என வழங்கினர். 1845 இல் அவ்வரி நீங்கியது. கண்ணாடி மலிந்தமையால், நடுத்தர மக்களின் இல்லங்களிலும் கண்ணாடி மனைகள் எழலாயின.

இன்று உலகச் சந்தையெங்கும் விற்கப்படும் அவ்வாழை கோமகனின் பெயரையே தாங்குகின்றது. அதனைக் காத்தவை தோட்டக்காரரின் கைகளே. வரலாறு கற்போர் பெயரோடு அக்கைகளையும் நினைத்தல் கடனாகும்.