கைத்திறனும் கையொப்பமும்: சுங்கை பூலோ வட்டார மின்கம்பித் தொழிலும் தொழிற்பழகுநர் முறையும்

மலேசியத் தமிழரின் உழைப்பு வரலாறு பெரும்பாலும் இரப்பர்த் தோட்டம், இருப்புப்பாதை, தொழிற்சங்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பெற்று வந்துள்ளது. தோட்டத்தை விட்டு வெளியேறியோர் கற்ற கைத்தொழில்கள் அதில் போதிய இடம் பெறவில்லை. அவற்றுள் ஒன்றான கட்டட மின்கம்பித் தொழிலைச் சுங்கை பூலோவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது.

இந்நாட்டில் மின்சாரத்திற்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1894-இல் இரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்விசையைப் பயன்படுத்திய முன்னோடிகள் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ஆவர். எனினும், முதலாளியின் பெயர் வரலாற்றில் நின்ற அளவுக்குக் கம்பி இழுத்த தொழிலாளியின் பெயர் நிற்கவில்லை.

இரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனை நிலையத்தாலும் தோட்டங்களாலும் அறியப்பட்ட சுங்கை பூலோவின் தோற்றம் பின்னர் மாறியது. 2006-இல் பெரிய அரசு மருத்துவமனை திறக்கப்பெற்றது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. இரயில் ஓடத் தொடங்கியது; ஆய்வுக் கழக நிலம் குவாசா டாமன்சாரா நகராக உருமாறத் தொடங்கியது. பால்மரம் நின்ற நிலத்தில் கட்டடம் எழுந்தபொழுது மின்பணியாளர் தேவையும் பெருகியது.

இத்தொழிலில் நுழைய இரு வழிகள் உள்ளன. முதலாவது, உறவினர் அல்லது அறிமுகமான குத்தகையாளரிடம் உதவியாளாகச் சேர்வது. சுவரை வெட்டிக் குழாய் பதித்தல், கம்பி இழுத்தல், பின்னர் மின்பகிர்வுப் பெட்டியை இணைத்தல் எனத் திறன் படிப்படியாகக் கைவரும். இரண்டாவது, முறைசார்ந்த தொழிற்பழகுநர் பயிற்சி. ஜெர்மானிய முறையைத் தழுவி 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் 70 முதல் 80 விழுக்காட்டுப் பயிற்சி பணியிடத்திலும் எஞ்சியது பயிற்சி நிலையத்திலும் நடைபெறுகின்றது.

இவ்விரு வழிகளையும் பிரிக்கும் கோடு கையொப்பமே என நாம் கருதுகிறோம். 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பெற்ற 1994-ஆம் ஆண்டு விதிகளின்படி, மின்கம்பிப் பணி முடிந்ததும் மேற்பார்வை மற்றும் நிறைவுச் சான்றிலும் சோதனைச் சான்றிலும் உரிய தகுதி பெற்றவரே ஒப்பமிட வேண்டும். அத்தகுதிச் சான்றிதழை எரிசக்தி ஆணையம் வழங்குகின்றது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வலுப்பெற்ற மலேசியத் திறன் சான்றிதழ் இதனின்றும் வேறானது. அது மட்டும் ஒப்பமிடும் உரிமையைத் தராது. இவ்வேறுபாட்டை அறியாத இளைஞர், ஒரு வீட்டின் மின்கம்பி முழுவதையும் தம் கையால் அமைத்தும், பிறர் ஒப்பத்தை நம்பிக் கூலியாளாகவே நிற்க நேர்கின்றது.

அனுபவத்தைச் சான்றாக்கும் வழியும் உண்டு. திறன் மேம்பாட்டுத் துறையின் முன்னனுபவ ஏற்பு முறையில், தொழிலாளி தாம் செய்த பணிகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்து அளித்துத் திறன் சான்றிதழ் பெறலாம். ஆனால் அதற்கு எழுத்துப் பழக்கம் வேண்டும். பள்ளியை இடையில் விட்டவர்க்குக் கம்பியை இணைப்பதினும் இத்தொகுப்பை எழுதுவதே கடினம்.

ஆகவே இது தொழிற்கல்வியாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. செய்த வேலையை வரிசைப்படி எழுதும் பயிற்சியைத் தமிழாசிரியர் வகுப்பிலேயே தொடங்க இயலும். மூத்த மின்பணியாளரின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுத்தல் ஆய்வாளர் கடமை. அவை தொகுக்கப்பெறாவிடில், தோட்டத்திற்குப் பிந்திய தமிழர் உழைப்பு வரலாறும் ஒப்பமிடப்படாத பணியாகவே எஞ்சும்.