திமிங்கிலம் காணச் சென்ற சிறுவர்கள்

யோனாவை விழுங்கியது திமிங்கிலமா என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்காத ஆண்டில்லை. யோனா நூல் பெரியதொரு மீனைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் 'கேட்டோஸ்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. கடலில் வாழும் எந்தப் பேருயிரையும் அச்சொல் குறிக்கும். திமிங்கில இனத்துக்கு உயிரியலார் இட்டுள்ள பெயரும் அதிலிருந்து பிறந்ததே. குருமடத்தில் விவிலியம் பயின்ற நாள்களில் இச்சொல்லாய்வோடு நாம் மனநிறைவு அடைந்துவிட்டோம். திமிங்கிலம் மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கும் உயிர் என்பதைக்கூடப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னோமா என்பது ஐயமே. சொல்லைக் காட்டினோம், உயிரைக் காட்டவில்லை.

அந்த உயிரையே பிள்ளைகளுக்குக் காட்டுவதென்று அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாக் கடற்கரையில் சிலர் முனைந்த வரலாறு, நம் வாசகர்கள் அறியத்தக்கது. ஆனால் அவ்வரலாறு படகுப் பயணத்தில் தொடங்கவில்லை; குருதியில் தொடங்குகிறது.

அக்கடலில் ஆண்டுதோறும் சாம்பல் திமிங்கிலங்கள் வலசை போகின்றன. கோடையில் ஆர்க்டிக் பகுதியின் ஆழங்குறைந்த கடல்களில், அடிச்சேற்றைக் கிளறிக் கூனி போன்ற சிற்றுயிர்களை உண்டு கொழுக்கின்றன. குளிர்காலத்தில் தெற்கே மெக்சிகோவின் பாஜா கலிபோர்னியாக் காயல்களுக்கு வந்து குட்டி ஈனுகின்றன. போக வர 16,000 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். வழி நெடுகக் கரையை ஒட்டியே நீந்துவது அவற்றின் இயல்பு. அவ்வியல்பே அவற்றுக்கு எமனாயிற்று. பின்னாளில் அதுவே அவற்றை நமக்கு அறிமுகப்படுத்தவும் செய்தது.

1857ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சார்லஸ் ஸ்காமன் என்னும் மீகாமன், ஓஹோ தே லியெப்ரே என்ற காயலுக்குள் நுழையும் வழியைக் கண்டார். உள்ளே தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளுடன் நிறைந்திருந்தன. குட்டியை விட்டு அகலாத தாய்கள் எளிதில் இலக்காயின. குட்டிக்கு ஊறு நேர்ந்தால் தாய் வெகுண்டு படகைத் தகர்த்தது. எனவே வேட்டைக்காரர்கள் அதற்குப் 'பேய்மீன்' என்று பெயரிட்டனர். தன் பிள்ளையைக் காக்க முயன்றதற்காக ஒரு தாய் பேயென்று அழைக்கப்பட்டாள்! கொன்றவர்களுக்கு அப்பெயர் சூட்ட எவருக்கும் தோன்றவில்லை. விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகச் சில ஆண்டுகளிலேயே அக்காயல் ஏறக்குறைய வெறுமையாக்கப்பட்டது. கலிபோர்னியாக் கரையோரத்திலும் ஆங்காங்கே வேட்டை நிலையங்கள் எழுந்து, கடந்து செல்பவற்றைப் படகில் சென்று கொன்றன.

ஸ்காமன் விந்தையான மனிதர். தாம் கொன்றவற்றை அளந்தார், வரைந்தார், அவற்றின் நடத்தையைக் குறித்து வைத்தார். 1874இல் வடமேற்குக் கரையின் கடற்பாலூட்டிகள் பற்றி அவர் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர்களால் மதிக்கப்படுகிறது. கையில் எறியீட்டியும் எழுதுகோலும் ஒருங்கே ஏந்திய அவரை எவ்வாறு மதிப்பிடுவதென்று நமக்குத் தெரியவில்லை. அக்காயல் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை வேட்டை நடந்தது. 1937ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையும், 1946ஆம் ஆண்டின் திமிங்கில வேட்டை ஒழுங்குமுறை ஒப்பந்தமும் எஞ்சியவற்றுக்குப் பாதுகாப்பளித்தன. எஞ்சியவை எத்தனை? அதை அறிய, 1946இல் லா ஹோயா நகரின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் கார்ல் ஹப்ஸ் என்ற பேராசிரியர் தம் மாணவர்களுடன் கட்டடக் கூரையில் ஏறி, தொலைநோக்கியுடன் கடலை நோக்கி அமர்ந்தார். திமிங்கிலத்தைக் கொல்லும் நோக்கமின்றிக் காத்திருந்து எண்ணிய முதல் இளையோர் கூட்டங்களுள் ஒன்றாக அம்மாணவர்களைக் கொள்ளலாம்.

1950இல் சான் டியாகோ நகரின் பாயிண்ட் லோமா முனையில், இராணுவத்தினர் விட்டுச் சென்ற கட்டடம் ஒன்று பொதுமக்கள் திமிங்கிலம் காணும் இடமாக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே 10,000 பேர் வந்தனர். அம்முனையின் அடிவாரத்தில்தான் முந்தைய நூற்றாண்டில் திமிங்கிலக் கொழுப்பை உருக்கியிருந்தனர். 1955இல் சக் சேம்பர்லின் என்ற மீனவர் ஆளுக்கு ஒரு டாலர் பெற்று மக்களைப் படகில் ஏற்றிச் சென்றார். குளிர்காலத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வருவாய் குறைவு. அந்தக் குறையே புதிய தொழிலைப் பிறப்பித்தது எனலாம். அதே பத்தாண்டின் இறுதியில் ரேமண்ட் கில்மோர் என்ற உயிரியலார் படகிலேயே உடன் சென்று விளக்கமளிக்கத் தொடங்கினார். வேடிக்கையாக இருந்தது கல்வியாயிற்று.

பள்ளிப் பிள்ளைகளின் பயணம் முறையாக வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் துறைமுகமான சான் பெட்ரோ. ஊர்ப்பெயரைக் கண்டு மீனவராகிய திருத்தூதர் பேதுருவை நினைப்போம்; உண்மையில் அது அலெக்சாந்திரியாவின் ஆயரும் மறைச்சாட்சியுமான மற்றொரு பேதுருவின் பெயர். அங்கே கப்ரியோ கடற்கரையின் பழைய குளியலில்லத்தில் சிறியதொரு கடல் அருங்காட்சியகம் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஜான் ஓல்கின், கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றியவர். கிரனியன் என்னும் சிறு மீன்கள் முட்டையிட மணலில் ஏறும் இரவுகளில், மக்களைத் திரட்டிக் காட்டுவது அவர் வழக்கம். 1970களின் தொடக்கத்தில் அவரும் பில் சமராஸ் என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும், 1967இல் தோன்றிய அமெரிக்கத் திமிங்கிலக் கழகத்தின் துணையுடன், பிள்ளைகளுக்கான படகுப் பயணங்களைத் தொடங்கினர். இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றோருமாகிய எளிய மக்கள் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று ஒவ்வொரு படகிலும் உடன் சென்றனர்.

அப்படகில் ஒரு பிள்ளை எதைக் காண்கிறது? முழுத் திமிங்கிலத்தை அன்று. பன்னிரண்டு, பதினான்கு மீட்டர் நீளமுள்ள உடலில், சாம்பல் நிற முதுகின் ஒரு கீற்றே நீருக்கு மேல் தெரியும். முதலில் தென்படுவது மூச்சுத்தாரை. மூன்று முதல் ஐந்து முறை மூச்சு விட்டபின் வால் மேலெழுந்து மறையும். பிறகு சில நிமிடங்கள் கடல் வெறும் கடலாகவே இருக்கும். வாலின் உந்துதலால் மேற்பரப்பில் எண்ணெய் தடவியதுபோன்ற வழவழப்பான வட்டம் ஒன்று தோன்றும். அதைத் திமிங்கிலத்தின் அடிச்சுவடு என்பர். அச்சுவட்டைக் கண்டு, அடுத்து எங்கே எழும் என்று பிள்ளைகள் கணிக்க வேண்டும். சிலர் குமட்டலால் துவண்டு ஒன்றையும் காணாமலே திரும்புவர். இக்காத்திருப்பே பெரும் கல்வி என்பது நம் கருத்து. விசையை அழுத்தியதும் காட்சி தோன்றப் பழகிய தலைமுறைக்கு, தான் விரும்பும்போது மட்டுமே எழும் ஓர் உயிருக்காகக் காத்திருப்பது புதுமையன்றோ!

ஏறத்தாழ அதே காலத்தில், 1972இல், தெற்கே சான் இக்னாசியோ காயலில் வேறொன்று நிகழ்ந்தது. அப்பகுதிக்குப் பெயர் தந்தது, 1728இல் இயேசு சபையார் நிறுவிய புனித இஞ்ஞாசியார் மறைப்பணித் தளம். அங்குள்ள மீனவர்கள் பேய்மீனுக்கு அஞ்சி, அது நெருங்காதிருக்கப் படகின் பக்கத்தைத் தட்டி ஒலியெழுப்புவர். பச்சிகோ மயோரால் என்ற மீனவரின் படகருகே ஒருநாள் திமிங்கிலம் ஒன்று எழுந்தது. படகுக்கு அடியில் சென்று மறுபக்கம் வந்தது, விலகவில்லை. அச்சத்தால் நடுங்கியவர், இறுதியில் கையை நீட்டி அதைத் தொட்டார். அது தொடவிட்டது. அன்று முதல் அக்காயலில் தாய்கள் தம் குட்டிகளைப் படகோரம் கொண்டுவருவதும், மக்கள் தொடுவதும் வழக்கமாயின. எந்தக் காயல்களில் அவற்றின் முன்னோர் குட்டிகளோடு கொல்லப்பட்டனவோ, அந்தக் காயல்களிலேயே இது நடக்கிறது! மன்னிப்பு என்று இதைச் சொல்ல நம் நா எழுகிறது. ஆனால் விலங்கின் மனத்தை நாம் அறியோம். அச்சொல்லை ஏற்றாமல் விடுவதே நேர்மை.

அக்காயலின் கரையில் மாபெரும் உப்பளம் அமைக்க ஜப்பானிய நிறுவனமொன்றும் மெக்சிகோ அரசும் 1990களில் திட்டமிட்டன. உலகின் பல பகுதிகளிலிருந்தும் எதிர்ப்பு மடல்கள் குவிந்தன. பள்ளிப் பிள்ளைகள் எழுதியவையும் அவற்றுள் இருந்தன. 2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குடியரசுத் தலைவர் எர்னெஸ்தோ செதியோ அத்திட்டத்தைக் கைவிட்டார்.

எனினும் இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக எழுதிவிட இயலாது. 2008ஆம் ஆண்டில் உலகெங்கும் 119 நாடுகளில் 1 கோடியே 30 லட்சம் பேர் திமிங்கிலம் காணச் சென்றனர் என்பது ஒரு கணக்கு. அத்தனை பேரைச் சுமக்கும் படகுகள் அமைதியாகவா செல்லும்? இயந்திர இரைச்சலும் துரத்தலும் அவ்வுயிர்களுக்குத் தொல்லையே. ஆதலால் அமெரிக்காவில் ஏறத்தாழ 90 மீட்டர் தொலைவில் நிற்குமாறு படகோட்டிகள் வலியுறுத்தப்படுகின்றனர். சான் இக்னாசியோவில் ஒரே நேரத்தில் செல்லும் படகுகளுக்கு வரம்புண்டு. கட்டணம் செலுத்தியவர்கள் இன்னும் அருகே போகச் சொல்லும்போது மறுக்கும் மனத்திடம் எல்லாப் படகோட்டிகளுக்கும் வாய்ப்பதில்லை.

இதனினும் பெருங்கவலை வேறுண்டு. மீண்டு பெருகியதால் 1994இல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இத்திமிங்கிலங்கள், 2016 அளவில் 27,000 வரை இருந்தன. 2019 முதல் மெலிந்து கரையொதுங்கி இறந்தவை பல. ஆர்க்டிக் பனி உருகி, அடிச்சேற்றின் உணவு குன்றியதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. 2025இல் எண்ணிக்கை ஏறத்தாழ 13,000ஆகக் குறைந்தது. அவ்வசந்தத்தில் வடக்கு நோக்கிச் சென்ற குட்டிகள் ஏறத்தாழ 85 மட்டுமே என்று மதிப்பிட்டனர். 1994இல் அக்கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இதுவே மிகக் குறைவு. எறியீட்டி ஏந்தாத கைகளும், தொலைவில் இருந்துகொண்டே, ஒரு குட்டியின் உணவைப் பறிக்க முடிகிறது.

ஜான் ஓல்கின் 2011இலும், பச்சிகோ மயோரால் 2013இலும் மறைந்தனர். மயோராலின் புதல்வர்கள் அதே காயலில் படகோட்டும் தொழிலைத் தொடர்ந்தனர். லாஸ் ஏஞ்சல்சுக்கு அருகே பாயிண்ட் விசெந்தே குன்றின்மேல், 1980களில் தொடங்கிய தன்னார்வலர் அணி, குளிர்காலத்தில் நாள்தோறும் விடியல் முதல் அந்தி வரை கடலைப் பார்த்து எண்ணி வருகிறது. தெற்கே செல்பவை எத்தனை, வடக்கே திரும்புபவை எத்தனை, அவற்றோடு செல்லும் குட்டிகள் எத்தனை என்று.