பெற்றோல் தாங்கியும் பொய்யுரைத்த முள்ளும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது முதுமொழி. ஆற்றிலே கொட்டுவதற்கே அளவு வேண்டுமெனின், ஆளரவமற்ற நெடுவீதியிலே மனிதரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அளவு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும், மோட்டார் வண்டியின் வரலாற்றை நோக்குவோர் ஒரு விந்தையைக் காண்பர். வண்டியை ஓடச் செய்யும் வித்தையை மனிதன் விரைவிலே கற்றுக்கொண்டான். அவ்வண்டி இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று அறியும் வித்தையோ நெடுங்காலம் அவன் கைக்கு எட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

இக்கதையின் தொடக்கத்திலே நிற்பவர் ஒரு பெண்மணி. 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஜேர்மனியிலுள்ள மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகருக்கு, தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மூன்று சில்லு வண்டியிலே, தம் புதல்வர் இருவருடன் புறப்பட்டார் பேர்த்தா பென்ஸ் அம்மையார். வழி நூறு கிலோ மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. வண்டியிலோ தனியானதொரு எரிபொருள் தாங்கி இல்லை. கார்புரேற்றரிலே கொள்ளும் நாலரை லீற்றர் அளவே அதன் முழுச் சேமிப்பு. அது தீர்ந்து வருவதை உணர்ந்த அம்மையார், வீஸ்லொக் என்னும் ஊரிலே மருந்துக் கடையொன்றை நாடி, துணி துவைக்க உதவும் லிக்ரோயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் எரிபொருள் நிலையம் என்று அக்கடை இன்றும் போற்றப்படுகின்றது. எரிபொருள் குழாய் அடைபட்டபோது தம் தொப்பியூசியாலே அதனைத் துளைத்துச் சீர்செய்தார் என்பதும் வரலாறு. முதல் நெடும் பயணத்திலேயே வண்டியோட்டியின் முதற் கவலையும் தோன்றிவிட்டது: எவ்வளவு உள்ளது? எவ்வளவு போதும்?

அடுத்த இருபது ஆண்டுகளிலே வண்டிகள் பெருகின. 1908ஆம் ஆண்டு ஹென்றி போர்ட் என்பார் தமது "மொடல் ரி" வண்டியை வெளியிட்டார். 1927ஆம் ஆண்டு வரை ஒரு கோடியே ஐம்பது இலட்சம் வண்டிகள் அவ்வகையிலே ஆக்கப்பட்டன. உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் ஏறிச் சென்ற அவ்வண்டியின் தாங்கி, பெரும்பாலானவற்றில், முன்னிருக்கையின் கீழே அமைந்திருந்தது. அதன் கொள்ளளவு அமெரிக்கக் கணக்கிலே பத்துக் கலன், அதாவது ஏறத்தாழ 38 லீற்றர். இங்கே ஒரு குறிப்புத் தேவை. அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். பெயர் ஒன்று, அளவு இரண்டு. அமெரிக்கரின் பத்துக் கலன் ஆங்கிலேயருக்கு எட்டேகால் கலனுக்குச் சற்று மேற்பட்டதே. பழைய வண்டிகளின் கைந்நூல்களைப் படிப்போர் முதலிலே இடறுவதும் இங்கேதான்.

மொடல் ரி வண்டியிலே எரிபொருளைக் காட்டும் மானி எதுவும் இல்லை. இருக்கையிலிருந்தோர் இறங்கவேண்டும்; மெத்தையைத் தூக்கவேண்டும்; மூடியைத் திருகி, மரக்கோல் ஒன்றை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியுள்ளது என்று பார்க்கவேண்டும். கடைகளிலே இதற்கென்றே கோடு கீறிய கோல்கள் விற்கப்பட்டன. கிணற்றிலே நீர் எவ்வளவு என்று அறியக் கயிற்றை விட்டுப் பார்க்கும் அதே முறைதான் இது. இதிலே சிரமம் உண்டு. ஆனாற் பொய் இல்லை. கோல் பெற்றோலைத் தொட்டது. கண் கோலைக் கண்டது. இடையிலே வேறெதுவும் நிற்கவில்லை.

ஆனால், தாங்கியில் எரிபொருள் இருந்தும் வண்டி நின்றுபோவதுண்டு. எரிபொருளை உந்தித் தள்ளும் பம்பி அவ்வண்டியில் இல்லை. நீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோல், இருக்கையின் கீழிருந்த பெற்றோல் தன் எடையாலேயே இயந்திரத்துக்கு இறங்கியது. செங்குத்தான மேட்டிலே வண்டி ஏறும்போது முன்பகுதி உயர்ந்து, தாங்கி தாழ்ந்துவிடும். தாங்கி குறைவாக இருந்தாற் பெற்றோல் மேலேறாது. ஆகவே, மலைப் பாதைகளிலே வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே மேட்டை ஏறிக் கடந்தனர் அக்காலத்தவர். பின்செல்லும் பற்சக்கரமே அவ்வண்டியில் வலுமிக்கது என்பதும் அதற்குத் துணையாயிற்று. "தாங்கியில் எவ்வளவு?" என்ற வினாவோடு, "இருப்பது எட்டுமா?" என்ற வினாவும் சேர்ந்தே எழுந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வழியிலே எரிபொருள் கிடைப்பதும் அந்நாளில் உறுதியன்று. தகரங்களிலே பெற்றோலை வாங்கி வண்டியின் பக்கப் படியிலே கட்டிச் செல்வது வழக்கமாயிருந்தது. 1913ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதலாந் திகதி, அமெரிக்காவிலே பிற்ஸ்பேர்க் நகரில், வண்டியோடு உட்புகுந்து எரிபொருள் நிரப்பும் வகையில் அமைக்கப்பட்ட நிலையம் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்கள் பெருகப் பெருகப் பக்கப் படியிலிருந்த தகரங்கள் மறைந்தன. தகரத்தின் துணை மறைந்தபோது, மானியின் துணை முன்னிலும் தேவையாயிற்று.

1927ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த போர்ட் "மொடல் ஏ" வண்டி இத்தேவைக்கு எளிய விடையொன்றைத் தந்தது. அதன் தாங்கி இயந்திரத்துக்குப் பின்னே, வண்டியோட்டியின் முழங்காலுக்கு முன்னே உயர்ந்து நின்றது. தாங்கியிலே மிதந்த ஒரு மிதவை, எண்கள் பொறித்த சிறு உருளையைத் திருப்பியது. முகப்புப் பலகையிலிருந்த கண்ணாடியினூடே அவ்வெண்ணை நேரே காணலாம். கம்பியில்லை, மின்சாரமில்லை. ஆனால், பத்துக் கலன் பெற்றோலை மடியருகே வைத்துக்கொண்டு செல்வது எவ்வளவு பாதுகாப்பானது? இவ்வினா எழுந்த பின், தாங்கி வண்டியின் பின்புறத்துக்குப் போயிற்று. பெற்றோலை முன்னே இழுத்துவர இயந்திரப் பம்பி வந்தது. முன்னே அமர்ந்திருப்போன், பின்னே மறைந்திருக்கும் எண்ணெயை அறிவது எங்ஙனம் என்ற சிக்கல் இவ்வாறு பிறந்தது.

முதல் விடை காற்றினால் வந்தது. தாங்கியின் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முகப்புப் பலகைவரை வந்தது. பெற்றோலின் ஆழத்துக்கேற்பக் குழாயிலுள்ள காற்று அழுத்தமுற, முகப்பிலே கண்ணாடிக் குழலொன்றில் செந்நிறத் திரவம் ஏறி நின்றது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் முற்பகுதியிலும் அமெரிக்க வண்டிகள் பலவற்றில் இது இடம்பெற்றது. காண்பதற்கு அழகானது, ஆனால் நொய்மையானது. குழாயிலே ஊசிமுனையளவு கசிவு ஏற்பட்டாலும் அளவு பிழைத்துவிடும். திரவம் சிறிது ஆவியாகிக் குறைந்தால், நிறைந்த தாங்கியும் குறைந்ததாகவே தோன்றும்.

அடுத்த விடை மின்சாரத்தினால் வந்தது. தாங்கியினுள்ளே மிதவை; மிதவையோடு ஒரு கை; கையின் நுனி, சுற்றப்பட்ட கம்பிச் சுருளின்மேல் உராய்ந்து நகரும். எரிபொருள் ஏற இறங்க மின்தடை மாறும். தடை மாற, முகப்பிலுள்ள முள் அசையும். இம்முறையே பின்னர் உலகெங்கும் பரவிற்று. இதிலும் இருவகை உண்டு. இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை இருபுறமும் இழுக்கும் வகை ஒன்று. அதிலே வண்டி குலுங்குந்தோறும் முள்ளும் கூத்தாடும். வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகட்டினாலே முள் நகரும் வகை மற்றொன்று. அதிலே முள் ஆறுதலாக எழுந்து, அசையாது நிற்கும். ஆனால் மின்கலத்தின் வலிமை கூடினாற் காட்டும் அளவும் கூடும், குறைந்தாற் குறையும். ஆகவே, மின்னழுத்தத்தை ஒரே நிலையில் வைக்கச் சிறு கருவியொன்று வேண்டியதாயிற்று. பிரித்தானிய வண்டிகளிலே ஸ்மித்ஸ் நிறுவனத்தார் பொருத்திய கருவி பத்து வோல்ற்று அளவிலே அதனை நிறுத்தியது. அச்சிறு கருவி பழுதுற்றால், எரிபொருள் மானியும் வெப்பமானியும் ஒருங்கே பிழை காட்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொன்னால் அதனைக் கண்டுபிடிப்பது யார்க்கும் அரிதன்றோ?

பிழைக்குக் காரணங்கள் இவை மட்டுமல்ல. தக்கையாலான மிதவைக்கு அரக்கு மெழுகு பூசுவர். எதனோல் கலந்த பிற்காலப் பெற்றோலிலே அவ்வரக்குக் கரைய, தக்கை எண்ணெயை உறிஞ்சி அமிழும். பித்தளை மிதவையிலே பற்றாசு விட்டாலும் கதி அதுவே. உராயும் கம்பி தேயும். தாங்கியின் உடலிலே துருப்பிடித்தால் மின்னோட்டம் திரும்பும் வழி அறும். அப்போது சில வகை மானிகள் என்றும் வெறுமையையும், சில வகை என்றும் நிறைவையும் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் மானிக்கு இன்னொரு நிறுவனத்தின் மிதவைக் கருவியைப் பொருத்துவோரும் உளர். சில அமெரிக்க வண்டிகளில் தாங்கி நிறையும்போது தடை கூடும். வேறு சிலவற்றிற் குறையும். இவற்றை மாறிப் பொருத்தினால், நிறைந்தபோது முள் வறுமை பாடும். வறண்டபோது செல்வம் பேசும்.

கருவி பழுதின்றி இருந்தாலும் தாங்கியின் வடிவமே பிழைக்குக் காரணமாதலுண்டு. தாங்கி நேரிய பெட்டியாக இருப்பதில்லை. பொருட்பெட்டியின் தளத்துக்கும் சில்லின் வளைவுக்கும் இயைய அது வளைந்தும் ஒடுங்கியும் அமையும். மிதவை அளப்பது உயரத்தை. வண்டியோட்டிக்கு வேண்டியதோ கொள்ளளவு. மேலே அகன்று கீழே ஒடுங்கிய தாங்கியில், முதற் பாதி நெடுந்தூரம் நிலைக்கும்; மறு பாதி கணத்திலே கரையும். முள் பாதியிலே நிற்பதைக் கண்டு, பாதி வழி கடக்கலாமென்று நம்பியோர் வீதியோரத்தில் நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

முள்ளை முற்றாக நம்பாத ஆக்குநரும் இருந்தனர். 40 லீற்றர் கொள்ளும் தாங்கியுடைய ஜேர்மனிய வோக்ஸ்வாகன் வண்டியில் 1961ஆம் ஆண்டுவரை மானியே இல்லை. அதற்குப் பதிலாகக் காலருகே ஒரு திருகி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திணறியதும் அதனைக் காலாலே தள்ளினால், அடியிலே ஒதுக்கிவைத்த ஏறத்தாழ ஐந்து லீற்றர் திறந்துவிடும். அடுத்த நிலையத்துக்குச் செல்ல அது போதும். ஆனால், நிரப்பிய பின் திருகியைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால், சேமிப்பும் சேர்ந்தே தீர்ந்துவிடும். எச்சரிக்க எதுவும் இராது. பிரான்சு நாட்டின் சித்ரோயன் 2சிவி வண்டியோ, 20 லீற்றர் தாங்கிக்குக் கோலையே மீண்டும் தந்தது. பிரித்தானியாவின் எம்.ஜி. டிசி, டிடி வண்டிகளிலே முள்ளில்லை. சில கலன்களே எஞ்சும்போது எரியும் எச்சரிக்கை விளக்கு மட்டும் இருந்தது.

அளவின் அருமையைப் பஞ்சமே நன்குணர்த்தும். 1956ஆம் ஆண்டு சுயஸ் கால்வாய் நெருக்கடி எழுந்தபோது, அவ்வாண்டு டிசம்பர் முதல் 1957ஆம் ஆண்டு மே வரை பிரித்தானியாவிலே பெற்றோல் பங்கீடு நடைமுறையில் இருந்தது. அந்நெருக்கடியின் விளைவாக எழுந்த சிறு வண்டிதான் 1959ஆம் ஆண்டு வெளிவந்த மினி. அதன் தாங்கி ஐந்தரைக் கலன், அதாவது 25 லீற்றரே கொண்டது. இலங்கை மக்களும் இப்பாடத்தை 2022ஆம் ஆண்டிலே கற்றனர். எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. பின்னர் வந்த தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம், தொடக்கத்திலே கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே அனுமதித்தது. முன்னொருகாற் பிரெஞ்சு உழவனின் சிறு வண்டி கொண்ட தாங்கியளவே ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பத்தின் பங்காயிற்று. அக்காலத்திலே ஒவ்வொரு லீற்றரும் எண்ணப்பட்டது. முள்ளின் ஒவ்வொரு அசைவும் உற்று நோக்கப்பட்டது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. கோல் பெற்றோலைத் தொட்டது. மிதவை அதன்மேல் மிதந்தது. மின்முள்ளோ அதனைக் கண்டதேயில்லை, பிறர் சொல்லக் கேட்டே உரைத்தது. வசதி கூடக் கூட, உண்மைக்கும் கண்ணுக்கும் இடையிலே நின்ற கைகள் பெருகின. கை பெருகுமிடத்திலே பிழையும் பெருகும். ஆகவேதான், பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் ஒரு வழக்கத்தைக் கைவிடுவதில்லை. தாங்கியை வாய்வரை நிரப்புவர். ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்வர். மீண்டும் நிரப்பும்போது கொண்ட அளவை அத்தூரத்தோடு ஒப்பிட்டு, ஒரு கலனுக்கு எத்தனை மைல் என்று தாமே கணித்துவைப்பர். அக்கணக்கு அவர்களிடம் இருக்கும்வரை முள் எதைச் சொன்னாலும் அவர்கள் நடுவழியிலே நிற்பதில்லை. கருவி வழிகாட்டலாம், ஆனால் அளந்து அறியும் கடமை மனிதனுடையதே.