உடல்நலத்தின் சமூகக் காரணிகள்: மருத்துவப் பணியாளருக்கான தொடர்கல்வி

ஒருவர் பிறந்து, படித்து, உழைத்து, முதுமை அடையும் சூழல் அவருடைய நோயையும் ஆயுளையும் பெருமளவு முடிவு செய்கிறது. வருமானம், குடியிருப்பு, குடிநீர், உணவு, கல்வி, வேலை, சாதி, இனம், ஆண் பெண் ஏற்றத்தாழ்வு ஆகியவை அச்சூழலின் கூறுகள். இவற்றை உடல்நலத்தின் சமூகக் காரணிகள் என்பர். பட்டமோ சான்றிதழோ பெற்றுப் பணியில் இருக்கும் மருத்துவர், செவிலியர், சுகாதார ஆய்வாளர், கிராம நலப் பணியாளர் ஆகியோர் இக்காரணிகளைக் கண்டறிந்து செயல்படுவதற்கு அளிக்கப்படும் பயிற்சி இத்தொடர்கல்வி. இப்பெயரால் அறியப்பட்டது அண்மைக் காலத்தில்தான் என்றாலும், பயிற்சிக்கு முக்கால் நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. கிராமத்தில் தொடங்கிய இக்கல்வி வகுப்பறைக்கும் பின்னர் கணினித் திரைக்கும் சென்றது. அதை மீண்டும் மக்களிடையே கொண்டுசெல்லும் முயற்சிகள் இப்போது நடந்து வருகின்றன.

முன்னோடிகள்

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவின் மேல் சிலேசியாப் பகுதியில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. அதை ஆராய்ந்து வருமாறு ருடால்ஃப் விர்ச்சோ என்ற 26 வயது மருத்துவரைப் பிரஷ்ய அரசு அனுப்பியது. அங்கிருந்த போலிஷ் மொழி பேசும் ஏழை மக்களைப் பஞ்சமும் நிர்வாகத்தின் அலட்சியமும் வாட்டியிருந்தன. விர்ச்சோவின் அறிக்கை மருந்தோடு நிற்கவில்லை. தாய்மொழிக் கல்வி, சாலைகள், வேளாண்மைச் சீர்திருத்தம், மக்களாட்சி ஆகியவற்றையும் நோய்க்குப் பரிகாரமாகக் கேட்டது. அரசியல் ஈடுபாட்டால் அடுத்த ஆண்டு பெர்லினில் வேலையை இழந்து அவர் வூர்ட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். சமூக மருத்துவம் என்ற துறையின் தொடக்கமாக இந்த அறிக்கையைக் குறிப்பிடுவது வழக்கம். ஆயினும் பல்கலைக்கழகங்களில் அத்துறை நிலைபெற ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ரைல் சமூக மருத்துவப் பேராசிரியரானது 1943இல்தான்.

தொடர் மருத்துவக் கல்வி வேறொரு வழியில் வளர்ந்தது. 1947இல் உருவான அமெரிக்கப் பொதுமருத்துவர் கழகம், மூன்று ஆண்டுகளில் 150 மணி நேரம் படித்தால்தான் உறுப்பினராக நீடிக்கலாம் என்று விதித்தது. 1971இல் நியூ மெக்சிகோ மாநிலம் மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்கவே தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது. இந்த மணிநேரங்களில் பெரும்பகுதி புதிய மருந்துகளுக்கும் சிகிச்சை முறைகளுக்குமே போயிற்று. நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்பிச் செல்கிறார் என்பது பாடமாகவில்லை.

போலேலாவும் டர்பனும்

சமூகக் காரணிகளையே பாடமாகக் கொண்ட பணிக்காலப் பயிற்சி தென்னாப்பிரிக்காவில் உருப்பெற்றது. சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் 1940இல் நாட்டால் மாகாணத்தில் ஜுலு மக்கள் வாழும் போலேலாவில் ஒரு நலவாழ்வு மையத்தைத் தொடங்கினர். எட்வர்ட் ஜாலி என்ற மருத்துவ உதவியாளரும், செவிலியரான அமெலியா ஜாலியும் அவர்களோடு பணியாற்றினர். அவ்வூர் மக்களின் மொழி பேசும் நல உதவியாளர்கள் வீடு வீடாகச் சென்று குடும்ப விவரம், உணவு, நோய், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைப் பதிந்து வந்தனர். மையத்தில் நோயாளியைப் பார்த்த மருத்துவரும் வீட்டைப் பார்த்த உதவியாளரும் ஒன்றாக அமர்ந்து அந்தப் பதிவேடுகளை விவாதித்தனர். அவர்களுக்கு அதுவே வகுப்பு.

பால் பற்றிய அனுபவம் இப்பயிற்சி நடந்த விதத்தைக் காட்டும். கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பால் தேவைப்பட்டது. ஆனால் ஜுலு வழக்கப்படி ஒரு குடும்பத்தின் மாட்டுப் பாலை அக்குலத்தாரே அருந்தலாம். மணமாகி வந்த பெண் கணவன் வீட்டுப் பாலைத் தொட முடியாது. பிறந்த வீட்டுப் பாலோ எட்டாத தொலைவில். இதை அறியாமை என்று கண்டித்துப் பாடம் நடத்தியிருந்தால் பயன் இருந்திருக்காது. பணியாளர்கள் வழக்கத்தின் உட்பொருளை விசாரித்தனர். தடை குலத்தின் மாடுகளைச் சார்ந்தது என்று தெரிந்ததும் பால்மாவைக் கொடுத்துப் பார்த்தனர். அது பாலிலிருந்து வந்தது என்று அறிந்தும் மாவு என்றே பெயரிட்டு மக்கள் ஏற்றுக்கொண்டனர். பின்னாளில் அம்மையத்தை நடத்திய ஜான் கேசல் இந்த நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். காய்கறித் தோட்டம், பள்ளியில் உணவு, கழிப்பறை, தாய்சேய் நலம் என்று வேலை விரிந்தது. தொடக்கத்தில் கண்காணிக்கப்பட்ட பகுதியில் 1,000 பிறப்புக்கு ஏறத்தாழ 275 ஆக இருந்த சிசு மரணம், பத்தாண்டுக்குள் 100 அளவுக்குக் குறைந்தது.

1940களின் நடுவில் டர்பனில் குடும்ப, சமுதாய நலவாழ்வு நிலையம் அமைந்தது. நாடெங்கும் திறக்கவிருந்த நலவாழ்வு மையங்களுக்கு மருத்துவர்கள், செவிலியர்கள், நலக் கல்வியாளர்கள் ஆகியோரைப் பயிற்றுவிப்பதே அதன் வேலை. ஆப்பிரிக்கர் குடியிருப்பான லாமண்ட்வில், இந்தியர் வாழ்ந்த மெரிபாங்க், ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய இடங்களில் பயிற்சி மையங்கள் இருந்தன. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் டர்பன் இந்தியரில் பெரும் எண்ணிக்கையினர். ஆகவே இக்கல்வியின் தொடக்க காலக் களங்களில் தமிழர்களின் வீடுகளும் இருந்தன.

1949இல் சிட்னி கார்க் எழுதிய ஆய்வுரை, ஆப்பிரிக்கரிடையே மேகப்புண் பரவியதற்குச் சுரங்கங்களுக்கு ஆண்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோன புலம்பெயர் கூலிமுறையே மூல காரணம் என்று நிறுவியது. அதற்கு முந்தைய ஆண்டே நிறவெறிக் கொள்கையுடைய தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. அரசு ஆதரவு படிப்படியாக விலகியது. 1960 வாக்கில் டர்பன் நிலையம் மூடப்பட்டது. கார்க் தம்பதியர் ஜெருசலேம் சென்று ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் பணியைத் தொடர்ந்தனர். கேசல் உள்ளிட்டோர் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவுக்குச் சென்றனர்.

மிசிசிப்பியில் தொடர்ச்சி

1957இல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் போலேலாவிலும் லாமண்ட்வில்லிலும் சில மாதங்கள் பயின்றார். 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு மருத்துவ உதவி செய்ய மிசிசிப்பிக்குச் சென்றபோது, அங்கே கண்ட வறுமை அவருக்குத் தென்னாப்பிரிக்காவை நினைவூட்டியது. கவுண்ட் கிப்சன் என்ற மருத்துவரும் அவரும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு கூட்டரசின் வறுமை ஒழிப்பு நிதியைப் பெற்றனர். 1965இல் பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயிண்டிலும், 1967இல் மிசிசிப்பியின் மவுண்ட் பாயூவிலும் நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன.

மவுண்ட் பாயூ மருத்துவர்கள் பட்டினியால் மெலிந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலேயே உணவை எழுதினர். கடைகள் அச்சீட்டுக்கு உணவு கொடுத்தன. மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. மருந்துக்கான பணத்தை உணவுக்குச் செலவிடலாமா என்று அதிகாரிகள் கேட்டபோது, சத்துக்குறைவு நோய்க்கு உணவுதான் மருந்து என்றார் கைகர். கிணறு வெட்டுவதும், வீடுகளைப் பழுதுபார்ப்பதும், ஜான் ஹேட்ச் முன்னின்று அமைத்த கூட்டுறவுப் பண்ணையும் மையத்தின் பணிகளாயின. இம்மாதிரியிலிருந்து வளர்ந்த சமுதாய நலவாழ்வு மையங்கள் இன்று அமெரிக்காவில் சுமார் 3 கோடிப் பேருக்குச் சிகிச்சை அளிக்கின்றன.

இந்தியா

நாட்டின் சுகாதார நிலையை ஆராய, போர் என்பவரின் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்ட குழு 1946இல் அறிக்கை தந்தது. ஜான் ரைலும் ஹென்றி சிகரிஸ்டும் அதன் வெளிநாட்டு ஆலோசகர்களில் அடங்குவர். சமுதாயத்தையும் நோயாளியாகக் காணும் சமூக மருத்துவரை உருவாக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரையால் மருத்துவக் கல்லூரிகளில் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத் துறைகள் தோன்றின. ஆனால் மாணவர்களின் கண் மருத்துவமனைப் படுக்கைகள் மேலேயே இருந்தது. 1977இல் கொண்டுவரப்பட்ட மருத்துவக் கல்வி மறுசீரமைப்புத் திட்டம், கல்லூரிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைக்க முயன்று அரைகுறையாகவே நிறைவேறியது.

சென்னை மாகாணம் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் இருப்பதும், அதன் நிர்வாகப் பணிகளுக்கு மருத்துவர்கள் பொதுச் சுகாதாரப் பட்டயம் பெறவேண்டியிருப்பதும் அந்த மரபின் தொடர்ச்சி. பணியில் சேர்ந்த பிறகும் குடிநீர், கழிவகற்றல், கொசு ஒழிப்பு, உள்ளாட்சி நிர்வாகம் ஆகியவற்றை மருத்துவர் முறையாகப் படிக்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

போலேலாவுக்கு நிகராகச் சொல்லத்தக்க இந்திய அனுபவம் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதியர் 1970இல் வறட்சிப் பகுதியான அவ்வூரில் குடியேறினர். கிராமங்களில் வேலை செய்யப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களை அனுப்பும் முதல் திட்டம் பலிக்கவில்லை. ஆகவே அந்தந்த ஊர் தேர்ந்தெடுத்த பெண்களையே பயிற்றுவித்தனர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதோரும் தலித் பெண்களும் பலர். வாரந்தோறும் மையத்துக்கு வந்து, சாதி பாராமல் ஒன்றாக உண்டு, ஒரே கூடத்தில் தங்கிப் படித்தனர். கடந்த வாரம் ஊரில் நடந்த பிரசவம், வயிற்றுப்போக்கு, குடும்பச் சண்டை எல்லாம் பாடமாயின. ஒருமுறை படித்துச் சான்றிதழ் வாங்கிப் போவதாக இல்லாமல் பணி உள்ளவரை தொடர்ந்த கல்வி இது. கைப்பம்புகள் தலித் குடியிருப்புகளில் அமையுமாறு ஆரோளே தம்பதியர் பார்த்துக்கொண்டனர். தண்ணீர் வேண்டிய மற்றச் சாதியார் அங்கே போகவேண்டி வந்தது. 1979இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. பிற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஜாம்கேட்டுக்குப் பயிற்சி பெற வந்தனர். அங்கே அவர்களுக்கு ஆசிரியர்களில் அந்தக் கிராமப் பெண்களும் இருந்தனர்.

உலக அளவில்

1978 செப்டம்பரில் நடந்த அல்மா அட்டா மாநாடு, முதன்நிலை மருத்துவத்தைச் சமூக நீதியோடு இணைத்துப் பேசியது. 1980இல் பிரிட்டனில் வெளியான பிளாக் அறிக்கை, இலவச மருத்துவம் வந்த பிறகும் வர்க்கங்களுக்கிடையே ஆயுள் வேறுபாடு நீடிப்பதைக் காட்டியது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மைக்கேல் மார்மட் தலைமையில் சமூகக் காரணிகள் ஆணையத்தை அமைத்தது. அமர்த்தியா சென்னும், சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பின் மிராய் சாட்டர்ஜியும் அதில் உறுப்பினர்கள். 2008 ஆகஸ்டில் வெளிவந்த அறிக்கை, கிளாஸ்கோ நகரின் ஏழைப் பகுதியான கால்டனில் ஆண்களின் சராசரி ஆயுள் 54, அருகிலுள்ள லென்சியில் 82 என்று எடுத்துக்காட்டியது. மருத்துவத் துறையினர் அனைவரின் பயிற்சியிலும் சமூகக் காரணிகள் கட்டாயப் பாடமாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அதன்பின் பாடத்திட்டங்கள் பெருகின. 2010இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மருத்துவக் கல்வியைச் சமுதாயத் தேவையோடு இணைக்கக் கோரியது. 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட சட்டகம் கல்வி, சமுதாயம், நிறுவனம் என்ற மூன்று தளங்களில் வாழ்நாள் கற்றலை வகுத்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான கிளியர் கையேடு முன்களப் பணியாளருக்கு நான்கு படிகளைக் கற்றுத்தருகிறது: நோய்க்குச் சிகிச்சை அளித்தல், பின்னுள்ள சமூகச் சிக்கலைக் கேட்டறிதல், உள்ளூர் உதவிகளோடு இணைத்தல், சூழலை மாற்றக் குரல் கொடுத்தல்.

ஒன்டாரியோ மாகாணக் குடும்ப மருத்துவர்களுக்கான வறுமைப் பயிற்சி இன்னும் நேரடியானது. மாதக் கடைசியில் செலவுக்குத் திண்டாட்டமா என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்கப் பயிற்றுவிக்கின்றனர். ஆம் என்றால் அடுத்த கேள்வி, வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தீர்களா என்பது. கனடாவில் ஏழைகளுக்கான பல உதவித்தொகைகள் அப்படிவத்தின் வழியாகவே வருகின்றன. வருமானமே இல்லாதவர் படிவம் எதற்கு என்று விட்டுவிடுவதால் உரிய பணத்தை இழக்கிறார். டொராண்டோ மருத்துவர் கேரி பிளாக் இம்முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர்.

விமர்சனங்கள்

முதல் விமர்சனம் அளவீடு பற்றியது. பயிற்சி முடிந்த கையோடு வினாத்தாளால் அறிவை அளப்பது எளிது; நோயாளியின் வாழ்வில் என்ன மாறியது என்பதை அளந்த ஆய்வுகள் குறைவு. இரண்டாவது, கேள்வி கேட்கக் கற்ற பணியாளரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலை. வீட்டில் அரிசி இல்லை என்று சொல்பவரை எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால் கேட்பதே புண்படுத்துவதாகும். மூன்றாவது, 2018இல் கனடிய ஆய்வாளர்கள் முன்வைத்தது: வறுமையை மனப்பாடம் செய்யவேண்டிய தகவலாகக் கற்பிக்கும்போது, அதை மாற்ற முடியாத இயல்பாக மாணவர் ஏற்றுக்கொள்கிறார். இதே கவலையால் அதற்கு முன்பே, 2014இல், ஜொனதன் மெட்சலும் ஹெலினா ஹேன்சனும், நோயாளியின் பண்பாட்டை அறிவதைவிட அவரை நோயில் தள்ளும் சட்டங்களையும் அமைப்புகளையும் அறிவதே முக்கியம் என்று வாதிட்டனர்.

இன்றைய நிலை

2025 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆயுள் மிகக் குறைந்த நாட்டுக்கும் மிக அதிகமான நாட்டுக்கும் இடையே 33 ஆண்டு இடைவெளி இருப்பதாகக் கூறுகிறது. பயிற்சியின் பெரும்பகுதி இணையவழிக்கு மாறியுள்ளது. எண்ணற்றோரை எட்டுவது அதன் வலிமை. தெருவையும் வீட்டையும் காட்ட இயலாதது அதன் குறை. போலேலாவிலும் ஜாம்கேட்டிலும் பயின்றவருக்குப் பெயர் தெரிந்த குடும்பங்கள் இருந்தன, கையில் பதிவேடு இருந்தது, செயல்பட வழியும் இருந்தது. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் கல்வி பலன் தந்தது. உரையோடு நின்ற இடத்தில் சான்றிதழோடு முடிந்தது.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்கநெறி விதிமுறைகள், மருத்துவர் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெறவேண்டும் என்று கூறின. அந்த நேரத்தில் எவ்வளவு சமூகக் காரணிகளுக்கு உரியது என்று அவை வரையறுக்கவில்லை.