மலையகத்துப் பீலித் தண்ணீரில் வெப்பவலய மீன்கள்: பி.எச் அளவைச் சரிசெய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் நன்றாக நீந்தித் திரிந்த கப்பி மீன்கள், நுவரெலியாவுக்கோ ஹற்றனுக்கோ வந்து சேர்ந்த சில நாட்களில் செத்து மிதப்பதுண்டு. 1977, 1983 வன்செயல்களால் வன்னிக்கு இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்களுக்கு இன்றும் இரு பக்கமும் உறவுகள் உண்டு. அலங்கார மீன் வளர்ப்பைச் சிறு வருமானமாக நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தொட்டி மீன் சாவது கைமுதல் போவதாகும். நோய் என்று மருந்து ஊற்றுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஏன் வேறுபடுகிறது?

யாழ் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. அதனால் கிணற்று நீர் கடினமானது, சற்றுக் காரமானது. மலைநாட்டுப் பாறை எளிதில் கரையாது, மழையும் அதிகம். எனவே பீலித் தண்ணீர் மென்மையானது, பெரும்பாலும் சற்று அமிலமானது. மலையக மண்ணும் அப்படித்தான். தேயிலைக்கு உகந்த மண்ணின் பி.எச் 4.5 முதல் 5.5 வரை.

பி.எச் அளவுகோலில் 7 நடுநிலை. ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். 8 உள்ள நீரிலிருந்து 6 உள்ள நீருக்கு மாறும் மீன் நூறு மடங்கு மாற்றத்தைச் சந்திக்கிறது. நீரின் கடினத்தன்மை திடீரெனக் குறைவதும் அதன் உடலைத் தாக்கும்.

எந்த மீனுக்கு எவ்வளவு?

கப்பி, பிளாட்டி: 7 – 8
மொலி: 7.5 – 8.2
ஏஞ்சல்: 6.5 – 7.5
நியோன் டெட்ரா: 5.5 – 7
இலங்கை ஈரவலய ஓடைகளுக்கே உரிய செர்ரி பார்ப்: 6 – 7

பீலித் தண்ணீருக்குக் கடைசி இரண்டும் பொருந்தும். ஆனால் நுவரெலியாக் குளிரில் ஹீற்றர் வைத்து 24 – 26 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் காக்க வேண்டும். ஹீற்றர் இல்லாதவர்களுக்குத் தங்கமீனே நல்லது.

செய்ய வேண்டியவை

1. தண்ணீரை ஒரு நாள் காற்றுப் பம்பியுடன் வைத்த பின்பே அளவிடுங்கள். புதிய பீலி நீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு அளவைக் குறைத்துக் காட்டும்.

2. கப்பி, மொலி வளர்ப்பதானால் கழுவிய கடற்சிப்பி ஓடுகளையோ சுண்ணாம்புக்கல் துண்டுகளையோ வடிகட்டிக்குள் வையுங்கள். அவை மெதுவாகக் கரைந்து பி.எச்சை உயர்த்தி நிலைநிறுத்தும்.

3. அவசரத்துக்கு அப்பச்சோடா போதும். 100 லீற்றருக்கு அரைத் தேக்கரண்டியைக் கரைத்து ஊற்றி, மறுநாள் அளந்து பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அது பி.எச்சை ஒரேயடியாக ஏற்றி மீனைக் கொன்றுவிடும்.

4. நாளொன்றுக்கு 0.3க்கு மேல் மாற்றாதீர்கள். மீன் கழிவின் அமோனியாவில், 25 பாகை வெப்பத்தில், பி.எச் 7இல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். 8இல் அது ஐந்து பங்கைத் தாண்டும். பழைய தொட்டியில் முதலில் கால்வாசி நீரை மாற்றுங்கள்.

5. வெளியூர் மீன் வருமுன்பே தொட்டி நீரை அந்த ஊர் நீருக்கு நெருக்கமாக்குங்கள். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மீனை வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

பி.எச் சொல்லாதது

மருந்தடித்த தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடை நீரில் பி.எச் சரியாக இருந்தாலும் நஞ்சு இருக்கலாம். லயத்துத் தகரக் கூரையில் விழும் மழைநீரில் நாகம் கலந்திருக்கும். மென்மையான நீரில் அது மீனுக்கு ஆபத்து. யாழ்ப்பாணத்தில் கடின நீரை மென்மையாக்க மழைநீர் கலப்பவர்களும் ஓட்டுக் கூரை நீரையே, அதுவும் முதல் மழையைக் கழியவிட்டுப் பிடிக்க வேண்டும்.

தொழிலாகத் தொடங்குபவர்கள் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் ஆலோசனை கேட்கலாம். ஆனால் மீன் வாங்குமுன் சொந்தத் தண்ணீரை அளந்து, அதற்கேற்ற மீனைத் தெரிவதுதான் குறைந்த செலவு.