பொருந்தாத பல்செட்

எல்லாப் பற்களையும் இழந்தவர் அணியும், கழற்றி மாட்டக்கூடிய செயற்கைப் பல்வரிசை தாடைமேல் நிலையாக உட்காராமல் ஆடுவது, பேசும்போது நழுவுவது, மெல்லும்போது ஈற்றை அறுப்பது ஆகியவற்றைப் 'பொருந்தாத பல்செட்' என்ற ஒரே தலைப்பில் அடக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத குறை என்பதால் வீட்டில் யாரும் இதை நோயாக எண்ணுவதில்லை. அதை அனுபவிப்பவருக்கோ ஒரு நாளின் மூன்று வேளையும் இதுவே பிரச்சினை.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரில் இக்குறையைப் பற்றித் தனியாகப் பேசக் காரணம் உண்டு. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், அதன்பின் டன்லப் டயர் ஆலை, 1964இல் தொழிற்பேட்டை, பக்கத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று அடுத்தடுத்து வந்த வேலைகள் ஒரு தலைமுறையையே இங்கே குடியேற்றின. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இளைஞர்களாக வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். லேத்திலும் கிரைண்டிங் இயந்திரத்திலும் மைக்ரான் கணக்கில் வேலை பார்த்தவர்கள், பல்செட்டையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள்: ஒரு முறை சரியாகப் பொருந்திய பாகம் பிறகு ஆடுகிறது என்றால் பாகத்தில்தான் கோளாறு. தண்டுக்கும் பேரிங்குக்கும் இது பொருந்தும். வாய்க்குப் பொருந்தாது. செட் செய்த நாளில் இருந்தபடியேதான் இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் தாடைதான் கரைந்துகொண்டே போகிறது.

தளர்வதற்கான காரணம்

பல்லைத் தாங்குவதற்காக இருக்கும் எலும்பு, பல் போனதும் வேலையற்றுச் சுருங்கத் தொடங்குகிறது. பல் பிடுங்கிய முதல் ஆண்டில் இந்தத் தேய்வு மிக வேகமாக நடக்கும். பிறகு வேகம் குறையுமே தவிர, வாழ்நாள் முழுவதும் நிற்பதில்லை. முழு செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து ஆண்ட்யே டால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்பது அதன் முக்கியமான முடிவு. "மேல் செட் பரவாயில்லை, கீழ் செட்தான் நிற்கவே மாட்டேங்குது" என்று பல் மருத்துவமனை வரிசைகளில் கேட்கும் புலம்பலுக்கு இது பாதி விளக்கம்.

மீதி விளக்கம் வடிவத்தில் இருக்கிறது. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. அண்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய எச்சில் படலமும், காற்றுப் புகாமல் மூடிய விளிம்பும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. கீழ் செட் குதிரை லாட வடிவம் கொண்டது. அது உட்காரும் பரப்பு மேல் செட்டின் பரப்பில் பாதியளவுதான். உள்ளே நாக்கு, வெளியே கன்னமும் உதடும், மூன்றும் ஓயாமல் அசைபவை. ஆகவே மிக நல்ல கீழ் செட்டும் கொஞ்சம் அசையும். இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடும் மருத்துவரிடம் பின்னால் சண்டைக்குப் போகிறவர்கள் குறைவு.

எச்சில் குறைந்தாலும் செட் தளரும். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான பல மருந்துகள் வாயை உலர்த்துகின்றன. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் அப்படியே. உடல் எடை சட்டென்று குறைந்தால் ஈறும் மெலியும். பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கத் தசை தளர்ந்துபோனவர்களுக்கு, நேற்றுவரை நன்றாக இருந்த செட் திடீரென நிற்காமல் போகும். இவற்றில் எதையும் பல் டாக்டரால் மட்டும் சரிசெய்துவிட முடியாது. அதனால்தான் அவர் மாத்திரைச் சீட்டைக் காட்டச் சொல்கிறார்.

தகட்டின் கதை

தந்தத்திலும் எலும்பிலும் பொன்னிலும் செய்யப்பட்ட பல்வரிசைகள் பணக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்தன. ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கந்தகத்தைக் கூட்டினால் ரப்பர் கெட்டிப்பட்டு வல்கனைட் ஆனது. அதில் செய்த மலிவான தகடுகளால்தான் சாதாரண மக்களுக்கும் பல்செட் எட்டியது. அம்பத்தூர் டன்லப் ஆலையில் டயருக்குப் பயன்பட்ட அதே வேதியியல்தான் ஒரு காலத்தில் தாத்தாக்களின் வாயிலும் இருந்தது என்று சொன்னால் ஓய்வுபெற்ற டன்லப் தொழிலாளர்கள் ரசிப்பார்கள். 1930களின் பிற்பகுதியில் ஈறு நிறத்துக்கு மிக அருகில் வரும் அக்ரிலிக் நுழைந்து வல்கனைட்டை வெளியேற்றியது. இன்று சந்தையில் உள்ள பெரும்பாலான செட்கள் அக்ரிலிக்தான்.

சென்னையில் இத்தொழிலுக்குச் சுவையான ஒரு கிளைக்கதை உண்டு. சீனத்தின் ஹூபே பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் சென்ட்ரலை ஒட்டிய பூங்கா நகர் வட்டாரத்தில் தலைமுறைகளாகப் பல் கட்டிவந்தன. 1948இல் வந்த பல் மருத்துவர் சட்டம், பட்டம் பெற்றவர்களையும் பட்டமின்றி முன்பே தொழில் செய்துவந்தவர்களையும் தனித்தனிப் பிரிவுகளில் பதிவு செய்தது. பல் மெக்கானிக்குகளையும் அச்சட்டம் அங்கீகரித்தது. ஆனால் அவர்கள் மருத்துவர் எடுத்துத் தரும் அளவை வைத்துச் செட் செய்து கொடுக்கலாமே தவிர, நோயாளியின் வாயில் நேராக அளவெடுக்கக் கூடாது. பொருந்தாமல் போகும் செட்களில் ஒரு பகுதி, மெக்கானிக்கே நேராக அளவெடுக்கும் குறுக்குவழியில் பிறந்தவை.

சாப்பாடு

முழு செட் அணிந்தவரின் கடிக்கும் விசை, சொந்தப் பல் உள்ளவருடையதில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்குதான். நன்றாகப் பொருந்திய செட்டுக்கே இந்த நிலை. ஆடும் செட்டில் வலி என்னும் பயமும் சேர்ந்து இதை இன்னும் குறைக்கிறது. முதலில் விலகிப்போவது முறுக்கும் சீடையும் வேர்க்கடலையும். அவற்றை இழப்பதால் பெரிய நஷ்டமில்லை. அடுத்துக் கறி, கொண்டைக்கடலை, கேரட், பீன்ஸ், கொய்யா ஆகியவை தட்டிலிருந்து மறையும்போதுதான் உடம்பு வாங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது இட்லி, ரசம் சாதம், பாலில் தோய்த்த பன், டீயில் நனைத்த பிஸ்கட். வயிறு நிறையும், மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடும், புரதமும் நார்ச்சத்தும் குறையும். மலச்சிக்கல், ரத்தச் சோகை, ஏறி இறங்கும் சர்க்கரை என்று வேறு டாக்டரிடம் போய் நிற்கும் முதியவரின் பிரச்சினை சில நேரம் வாயில்தான் தொடங்கியிருக்கும்.

இதற்கு நம் சமையலிலேயே போதுமான வழி இருக்கிறது. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிக் கொடுப்பதுதான் மோசமான வழி. இரண்டே நாளில் ஆயாவுக்குச் சாப்பாடே வெறுத்துவிடும். கீரையைத் தண்டு நீக்கி மசியலாக்கலாம். பாசிப்பருப்பைக் குழைய வேகவிட்டுக் கூட்டிலும் பொங்கலிலும் சேர்க்கலாம். முட்டையைப் பொடிமாஸாகக் கொடுக்கலாம். ஆட்டுக்கறி துண்டாக முடியாவிட்டால் கைமா முடியும். சுறாப் புட்டு மெல்லவே தேவையில்லாத புரதம். பப்பாளியும் சப்போட்டாவும் வாழைப்பழமும் எந்தச் செட்டுக்கும் தொல்லை தராதவை. கேரட்டைத் துருவி வதக்கினால் போதும்.

மெல்லுவதிலும் முறை உண்டு. முன்பல்லால் கடித்து இழுத்தால் செட் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சப்பாத்தியோ ஆப்பிளோ, கையாலோ கத்தியாலோ சிறிதாக்கிக் கடைவாயில் வைக்க வேண்டும். ஒரே பக்கமாக மென்றால் மறுபக்கம் எழும்பும் என்பதால் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மெல்லுவது நல்லது. புது செட் போட்டவர் பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கடினமான பண்டங்களைச் சோதித்துப் பார்க்க அவசரப்பட வேண்டாம். தாளித்த கடுகு, எள், கத்தரி விதை, ரவை ஆகியவை தளர்ந்த கீழ் செட்டின் அடியில் நுழைந்தால் கல் மாதிரி உறுத்தும். தாளிப்பை வடித்துவிட்டு ஊற்றுவது சின்ன உபகாரம்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. மேல் செட் அண்ணத்தை மூடிவிடுவதால் சூடும் கூரும் சரியாகத் தெரிவதில்லை. காபி தொண்டைக்குப் போன பிறகுதான் சுடுகிறது. மீன் முள் இருப்பது விழுங்கும்போதுதான் தெரிகிறது. எனவே முள் அதிகமுள்ள மீன்களை முதியவருக்குப் பரிமாறும்போது ஆய்ந்து கொடுப்பதே சரி.

வெற்றிலை பாக்கு தனிக் கதை. பல் போனபின் குட்டி இரும்பு உரலில் இடித்து வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் பாட்டிகளுடையது. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தொடர்ந்து பாக்குப் போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் போல் இறுகி வாய் திறக்கும் அளவே சுருங்கலாம். அப்படிச் சுருங்கிய வாயில் அளவெடுப்பதும் கடினம், செட்டை நுழைப்பதும் கடினம்.

வீட்டு வைத்தியங்கள்

உறுத்தும் இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பது, உடைந்த தகட்டை உடனே ஒட்டும் பசையால் ஒட்டுவது, அடியில் பஞ்சு வைப்பது. கைத்தொழில் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் இவை அதிகமாக நடப்பதில் வியப்பில்லை. எந்த இடம் ஈற்றை அழுத்துகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மருத்துவர் ஒரு பூச்சைத் தடவி, அது அழியும் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். தப்பான இடத்தைத் தேய்த்தால் பொருந்தியிருந்த விளிம்பும் போய்விடும். பசையால் ஒட்டிய தகடு அரை மில்லிமீட்டர் விலகி ஒட்டியிருந்தாலே கடி மாறிவிடும். அதன்பின் முறையாகப் பழுது பார்ப்பதும் சிரமம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பல்செட் பசையும் ஃபிக்ஸான் போன்ற பவுடரும் தவறானவை அல்ல. ஒரு கல்யாணத்துக்கோ பயணத்துக்கோ கைகொடுக்கும். நாள்தோறும் கூடுதலாகத் தடவினால்தான் நிற்கிறது என்றால் செட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. துத்தநாகம் கலந்த பசையை ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு நரம்புக் கோளாறு வந்ததை அடுத்து, ஒரு பெரிய நிறுவனம் 2010இல் துத்தநாகம் சேர்ந்த தன் பசைகளை நிறுத்திக்கொண்டது.

சரிசெய்தல்

செட் நன்றாக இருந்து தாடை மட்டும் தேய்ந்திருந்தால், ஈறு பக்கத்தில் புதிய அக்ரிலிக் அடுக்கு சேர்க்கும் ரீலைனிங் போதும். செட் லேபுக்குப் போய்வரும் வரை வாய் பொக்கையாக இருக்கும் என்பதைத் தவிர இதில் பெரிய சங்கடம் இல்லை. ஈறு நசுங்கிப் புண்ணாகியிருந்தால் முதலில் மெத்தென்ற தற்காலிகப் பூச்சு வைத்து ஆறவிட்டு, பிறகே அளவெடுக்க வேண்டும். வீங்கிய ஈற்றில் எடுத்த அளவு, வீக்கம் வற்றியதும் பொய்யாகிவிடும். பற்கள் தேய்ந்து மூக்கும் தாடையும் நெருங்கிப்போனவர்களுக்குப் புது செட்தான் வழி. 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான பரிந்துரை. புது செட் வந்ததும் பழையதை எறிந்துவிடக் கூடாது. பல்லாண்டு பழகிய நாக்குக்கு எந்த வடிவம் ஒத்துப்போனது என்பதற்கு அதுவே சாட்சி. அதைப் படியெடுத்துப் புது செட் செய்வதும் ஒரு முறை.

கீழ் செட் எதற்கும் அடங்காதவர்களுக்குத் தாடையில் இரண்டு டைட்டானிய இம்பிளான்ட் பொருத்தி, அவற்றின்மேல் செட்டை மாட்டலாம். எலும்போடு டைட்டானியம் ஒன்றுவதை வைத்து ஸ்வீடனில் பிரோனேமார்க் முதல் நோயாளிக்குச் சிகிச்சை செய்தது 1965இல். பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர். செலவைப் பார்த்தால் நம்மில் பலருக்கு அது இன்னும் கடைசித் தெரிவுதான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை

செலவு என்று வரும்போது அம்பத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. வானகரம் சாலை வழியே பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தொட்டால், வேலப்பன்சாவடியில் 1988இல் தொடங்கிய சவீதா பல் மருத்துவக் கல்லூரி, மதுரவாயல் ஆலப்பாக்கம் சாலையில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி, சற்றுத் தள்ளிப் போரூரில் ராமச்சந்திரா என்று கல்லூரி மருத்துவமனைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ரயிலில் சென்ட்ரல் வரை போகக்கூடியவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது.

முழு செட் செய்வது பல் மருத்துவ மாணவர்களின் பயிற்சியில் கட்டாயப் பகுதி. அதனால் கல்லூரிகளுக்கு நோயாளி தேவை, நோயாளிக்குக் குறைந்த செலவு தேவை. பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை நகரும். முதல் அளவு, இரண்டாம் அளவு, தாடைகளின் உறவைப் பதிவு செய்தல், மெழுகில் வைத்துப் பார்த்தல், கொடுத்தல் என்று குறைந்தது ஐந்து முறை போய்வர வேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரருக்குப் பேருந்தில் ஐந்து பயணம் சாதாரணமல்ல. பாதியில் நின்றுபோவதற்கு வலியைவிட இந்த அலைச்சலே பெரிய காரணமாக இருக்கலாம். செட் கையில் வந்தபின் செதுக்கிச் சரிசெய்ய வேண்டிய அடுத்த சில வருகைகளைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். உண்மையில் செட் பொருந்துவது அந்த வருகைகளில்தான். கர்நாடக அரசு 2014இல் 'தந்த பாக்யா' என்ற திட்டத்தில் ஏழை முதியோருக்குக் கல்லூரிகள் வழியே இலவச முழு செட் தரத் தொடங்கியது நினைவுகூரத்தக்கது.

இரவும் புண்ணும்

செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். காய்ந்தாலும் வெந்நீர் பட்டாலும் அக்ரிலிக் வளையும். டூத்பேஸ்ட் கீறும், சோப்பும் மென்மையான பிரஷும் போதும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. கழற்றாதவர்களின் அண்ணம் சிவந்து பூஞ்சை படிவதும் சகஜம். வலிக்காது என்பதால் அது கண்ணில் படுவதில்லை.

தளர்ந்த விளிம்பு நாள்பட உரசினால் அந்த இடத்தில் சதை மடிப்பாக வளரும். இது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் உறுத்தலை நீக்கிய பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும், குறிப்பாகப் புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்களுடையதை, 'செட் உரசின புண்' என்று விட்டுவிடக் கூடாது. அதைச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். மருத்துவரிடம் போகும் நாளில் வலிக்கிறதே என்று செட்டைப் பையில் போட்டு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. முந்தின நாளிலிருந்தே அதை அணிந்திருந்தால்தான் சிவந்த இடம் தெரியும், எங்கே செதுக்குவது என்று அவருக்கும் புரியும்.