ராத்திரி ஷிப்ட் சுப்பாராவும் கும்பகோணத்து யானைக்காலும்

மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் பார்ட் டைமில் பார்மா பயோடெக்னாலஜி படிக்கிறான். ஷிப்ட் முடிச்சு வந்து, தூக்கக் கலக்கத்தோட அசைன்மென்ட் எழுதுறான். "இதெல்லாம் தேவையாடா நமக்கு?"ன்னு போன வாரம் போனில் ஒரே புலம்பல். அவனுக்குச் சொல்ல ஆரம்பிச்ச கதை நீண்டுபோச்சு, அதான் இங்க எழுதிட்டேன்.

கதை எங்க ஊர்ப்பக்கம்தான் ஆரம்பிக்குது. காவிரி, நெல்லு, வெத்தலை, டிகிரி காபின்னு கும்பகோணத்துப் பெருமை பேசுறவங்க நைசா விட்டுடுற ஒண்ணு உண்டு: யானைக்கால். எங்க பாட்டிக்கு இடது கால்ல இருந்தது. புடவையை இழுத்து இழுத்து மூடிக்குவாங்க. கல்யாண வீட்ல கடைசி வரிசைதான். மாசத்துக்கு ஒருமுறை குளிர் ஜுரம் வந்து கால் நெருப்பா கொதிக்கும்.

வயல் தண்ணிதான் காரணம்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன். தப்பு. இந்த நோயைப் பரப்புற க்யூலெக்ஸ் கொசுவுக்கு சாக்கடையும் கழிவுநீர்க் குட்டையும்தான் இஷ்டம். பாவம், வயலுக்கு வீண் பழி. மனுஷ ரத்தத்தில் இந்தப் புழுவோட குஞ்சுகளை 1872ல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் பார்த்தார். கொசுவுக்குள் அது வளர்றதை 1877ல் சீனாவில் பேட்ரிக் மேன்சன் கண்டுபிடிச்சார். இந்தக் குஞ்சுகள் பகல்ல உடம்புக்குள்ள ஒளிஞ்சுக்கும், கொசு கடிக்கிற நடுராத்திரி நேரத்துக்குத்தான் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வரும். சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரியில் வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுத்தது அதனாலதான். காரணம் எல்லாம் தெரிஞ்சும், நல்ல மருந்து வர மேன்சனுக்கு அப்புறம் 70 வருஷம் ஆச்சு.

அந்த மருந்தை நோக்கித்தான் இன்னொரு ராத்திரிக்காரர் வர்றார். எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் பரீட்சையை மூணாவது தடவைதான் பாஸ் பண்ணினார், அதுவும் நம்ம திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் (அரியர் வச்சவங்க எல்லாம் நிம்மதியா மூச்சு விடுங்க). அப்புறம் மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. அங்க காந்தி சொன்னாருன்னு கதர்ல ஆபரேஷன் கோட் போட்டுட்டுப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. மத்த பரீட்சையெல்லாம் நல்லா எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கலை, அதுக்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான். அரசாங்க வேலையும் இல்லைன்னு ஆச்சு. சென்னையில் ஒரு ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

இதுக்கு நடுவுல ஸ்ப்ரூ என்கிற குடல் நோயில் ரெண்டு சகோதரர்கள் அடுத்தடுத்து செத்துப்போனாங்க. அவரையும் அது பிடிச்சு, விட்டுது. 1920களின் தொடக்கத்தில், மனைவியை ஊரில் விட்டுட்டு, மூணு வருஷத்தில் வந்துடறேன்னு சொல்லிட்டு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரவே இல்லை.

ஹார்வர்டில் பகல் முழுக்க வெப்பமண்டல மருத்துவப் படிப்பு. கையில் காசு இல்லை, நம்மூர்ப் பட்டத்துக்கு அங்க மதிப்பும் இல்லை. ராத்திரி ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளோட மலப்பாத்திரம் கழுவுற வேலை. ஊரில் டாக்டர் பட்டம் வாங்கின மனுஷன்! நண்பனோட ராத்திரி ஷிப்டுக்கு ஏசி இருக்குன்னு அவனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

அப்புறம் நடந்ததை எல்லாம் எழுதினா தனிப் புத்தகம்தான். சைரஸ் ஃபிஸ்கேயோட சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறை (1925), உடம்புக்கு சக்தி தர்ற ஏ.டி.பி. (1929), 1930ல் பிஎச்.டி. அவ்வளவு செஞ்சும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கலை. 1940ல் லெடர்லி மருந்து கம்பெனிக்குப் போனார். அவர் ஆராய்ச்சியை நடத்தின காலத்தில்தான் 1945ல் ஃபோலிக் அமிலத்தை அங்க செயற்கையா தயாரிச்சாங்க. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாச்சு. அவங்களுக்குத்தான் அது கிடைக்கலை. மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரை வளர்த்து ஆரியோமைசின் எடுத்ததும் (1948) அங்கதான், பெஞ்சமின் டக்கர் கையால. நண்பனோட அசைன்மென்ட்ல வர்ற நொதித்தல் இதே வேலைதான்.

நம்ம விஷயம் 1947. பசிபிக் தீவுகளில் சண்டை போட்ட அமெரிக்க சிப்பாய்களுக்கு யானைக்கால் புழு தொத்திக்கிச்சு, அதனால திடீர்னு இந்த நோய் மேல அக்கறை வந்தது (தஞ்சாவூர்க்காரன் கால் வீங்கினப்ப வராத அக்கறை, சொல்லாம இருக்க முடியலை). லெடர்லியில் ஹெவிட் குழு, எலிகளுக்குப் புழு ஏத்தி, ஒவ்வொரு ரசாயனமா கொடுத்துப் பார்த்து டைஎத்தில்கார்பமசைனைக் கண்டுபிடிச்சாங்க. ஹெட்ரசான்னு பேர் வச்சாங்க. விலை மலிவு, விழுங்குற மாத்திரை. ரத்தத்தில் இருக்கிற குஞ்சுகளை அழிச்சுட்டா கொசுவால அடுத்த ஆளுக்குக் கொண்டுபோக முடியாது. அடுத்த வருஷமே, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துட்டார். 53 வயசு.

இந்தியாவில் 1955ல் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் வந்தது. ஊர் மொத்தத்துக்கும் வருஷம் ஒருமுறை மாத்திரை கொடுக்கிறது 2004ல் நாடு தழுவிய திட்டமாச்சு. எங்க தெருவுக்கும் வந்தாங்க. ஏற்கெனவே வீங்கின காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. பாட்டிக்கு அது தெரியும்.

நான் அப்போ சின்னப் பையன். சுகாதார அக்கா முன்னாடி மாத்திரையை வாயில போட்டுட்டு, கொல்லைப்பக்கம் போய் வாழை மரத்தடியில் துப்பினேன். பாட்டி பார்த்துட்டாங்க. திட்டலை. அந்தக் காலோட தெருமுனை வரைக்கும் நடந்துபோய், அக்காகிட்ட வேற மாத்திரை வாங்கிட்டு வந்து, தண்ணி சொம்பை நீட்டி, நான் முழுங்கி வாயைத் திறந்து காட்டுற வரைக்கும் எதிர்லயே நின்னாங்க.